கருவாட்டு வட்டிலப்பமும் கட்டுகஸ்தோட்டை முகவரியும்

எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? சளி, இருமல் ஒன்றும் இல்லையே? முழங்கால் நோவுக்காரர் எண்ணெய் பூசுகிறீர்களா, இல்லை போத்தலை அலுமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா? கண்டியில் காலையில் வெயில், பின்னேரம் மழை. கொடியில் போட்ட துணிக்கும் எனக்கும் தினமும் போட்டிதான். சரி, அதை விடுங்கள். எங்கள் சங்கத்துச் சமையல் புத்தகம் வந்த கதையைச் சொல்கிறேன். கணினிச் சமாசாரம் கொஞ்சம் வரும், பயப்பட வேண்டாம். சட்டி பானையோடு சேர்த்துத்தான் வரும்.

எங்கள் சங்கம் இத்தனை வருடமும் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட, ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்தது. போன மாதம் கண்டி டவுனுக்கு மாறியது. மாறியதில் எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. எல்லாவற்றையும் செயலாளர் நவரட்ணராஜா ஒற்றை ஆளாகச் செய்தார். கச்சேரியில், அதுதான் அரசாங்கத்து மாவட்ட அலுவலகத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து மனிதர். ஒரு கடதாசியில் முகவரி பிழையாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. பெயர்ப்பலகையை மாற்றினார், முத்திரையை மாற்றினார், கடிதத் தலைப்பை மாற்றினார். முதலுதவிப் பெட்டியில் ஒட்டியிருந்த துண்டைக்கூட விடவில்லை.

அவருடைய மருமகள் துஷ்யந்தி. மலையகத்தில் தெல்தோட்டைப் பிள்ளை. கண்டியில் ஒரு கணினிக் கம்பெனியில் வேலை. அவருடைய மகன் அனோஜன் விரும்பிக் கட்டியவள். கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது, யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் அனோஜன் கொழும்பில் வேலை, மாதத்துக்கு இரண்டு தரம்தான் வீட்டுக்கு வருவான். இவள் மாமன் மாமியோடு இருக்கிறாள். நவரட்ணராஜா அவளை யாருக்காவது அறிமுகம் செய்தால் "அனோஜன்ட மனிசி" என்றுதான் சொல்வார். அன்பில்லாமல் இல்லை. கச்சேரியில் ஒரு கோப்பு எந்தப் பிரிவுக்கு உரியதென்று சொல்வது மாதிரி ஒரு பழக்கம்.

உணவுத் திருவிழாவுக்குச் சமையல் புத்தகம் போடுவதென்று கூட்டத்தில் முடிவானபோது, யார் செய்வது என்று எல்லாரும் கூரையைப் பார்த்தோம். நவரட்ணராஜா எழும்பி, "எங்கட மருமகள் செய்வா. நான் பொறுப்பு" என்றார். எங்கட மருமகள். துஷ்யந்தி என் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தாள். கையிலிருந்த தேநீரை அப்படியே மடியில் ஊற்றிக்கொண்டு, துடைக்கவும் மறந்து இருந்தாள்.

அவள் செய்த ஏற்பாடு இதுதான். சமையல் குறிப்புகள் எல்லாம் ஒரு கோப்பில். ஒவ்வொரு குறிப்புக்கும், ஒவ்வொரு சாமானுக்கும், செய்முறைக்கும் தனித்தனிப் பட்டி, பெயர்ச்சீட்டு ஒட்டுவது மாதிரி. இன்னொரு கோப்பில் கட்டளைகள்: இந்தப் பட்டி வந்தால் பெரிய எழுத்தில் போடு, அந்தப் பட்டி வந்தால் வரிசையாகப் போடு என்று. இரண்டையும் சேர்த்து ஒரு பொத்தானை அமுக்கினால் புத்தகம் வரும். இரண்டு கோப்பிலும் உச்சியில் ஒரு வரி, இணைய முகவரி மாதிரி, நடுவில் கட்டுகஸ்தோட்டை என்று பெயர் வேறு. அடுத்த கூட்டத்தில் அவள் காட்டியபோது, அது எதற்கென்று நான்தான் கேட்டேன்.

"கோயில் அன்னதானத்துக்கு எல்லா வீட்டுச் சட்டியும் போகுதுல்லங்க. நம்ம சட்டி எதுன்னு தெரிய அடியில பேரு வெட்டி வைக்கிறோம்ல. அந்த மாதிரிதான். பட்டிங்கிறது யாரு வேணும்னாலும் வைக்கலாம். இது நம்ம சங்கத்துப் பட்டின்னு தெரியணும்ல" என்றாள்.

எனக்கு விளங்கியது. முன்வரிசையில் இருந்த நவரட்ணராஜாவும் பலமாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைத்தான் நாங்கள் கவனித்திருக்க வேண்டும்.

குறிப்புகளைத் தட்டெழுதும் பொறுப்பையும் செயலாளர் என்ற முறையில் அவரே எடுத்துக்கொண்டார். இரண்டு விரல்தான், ஆனால் பிழை இருக்காது. முதல் குறிப்பு அவர்களுடைய பக்கத்து வீட்டுப் பஸீஹாவின் வட்டிலப்பம், வாயில் கரையும் இனிப்பு. கண்டியில் பாதிப் பேர் அந்த வட்டிலப்பத்துக்காகவே நோன்புப் பெருநாளை எண்ணிக்கொண்டு இருப்போம். கேட்டால், "என்னத்த அக்கா, முட்டையும் கருப்பட்டியும்தான்" என்று சிரித்துவிட்டுப் போவா. நவரட்ணராஜாவின் மனைவி றஞ்சனா எத்தனையோ தரம் செய்து பார்த்தும் அந்தப் பதம் வரவில்லை. சங்கத்துக்காக இப்போது பஸீஹா எழுதியே கொடுத்துவிட்டா.

குறிப்பெல்லாம் சேர்ந்ததும், துஷ்யந்தி வேலைக்குப் போயிருந்த ஒரு புதன்கிழமை, நவரட்ணராஜா தானே பொத்தானை அமுக்கி முதல் பக்கத்தை அச்செடுத்தார். தலைப்புகள் இல்லை. பெயர்கள் இல்லை. மேலிருந்து கீழ் வரை இடைவெளியில்லாமல் ஒரே எழுத்துக் கூட்டம். அவர் அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, கடதாசியை மிச்சம் பிடிக்கிற புது முறை என்று மெச்சிக்கொண்டார். "இந்தாரும், பஸீஹாவின்ட வட்டிலப்பம். முதலாவதா நிக்குது" என்று மனைவியிடம் கொடுத்தார்.

றஞ்சனா உடனே குசினிக்குள் போனா. கித்துள் கருப்பட்டி கரைத்தா, முட்டை அடித்தா, தேங்காய்ப்பால் விட்டா, ஏலக்காய் போட்டா, அவித்து இறக்கினா. கடதாசி அதோடு நிற்கவில்லை. நெத்தலிக் கருவாட்டைத் தலை கிள்ளிக் கழுவவும் என்றது. றஞ்சனா கொஞ்ச நேரம் அடுப்படியில் நின்று யோசித்தா. பிறகு, இதுதான் அது என்று முடிவு செய்தா. இத்தனை வருடம் பஸீஹா வாயைத் திறக்காமல் வைத்திருந்த சங்கதி இதுதான். கருவாட்டைப் பொரித்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் வதக்கி, கடதாசி சொன்னபடியே எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கிளறினா. பக்கம் அங்கே முடிந்தது. அடுத்த பக்கத்தில் பாகற்காய் இருந்தது என்பது பிறகுதான் தெரிய வந்தது.

நவரட்ணராஜா இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

பின்னேரம் பஸீஹா கொடியில் கிடந்த துணி நனைகிறதென்று சொல்ல வந்தா. றஞ்சனா விடுவாவா? கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தி, ஒரு கிண்ணத்தைக் கொடுத்தா. பஸீஹா நல்ல மரியாதைக்காரி. முதல் கரண்டியை விழுங்கிவிட்டு, இரண்டாவது கரண்டியையும் எடுத்தா. கிண்ணத்துக்குள்ளிருந்து ஒரு நெத்தலி அவவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நல்லா ஈக்கிது அக்கா. இது ஒங்கட யாழ்ப்பாணத்து மொறயா?" என்று கேட்டா.

"இல்லை பஸீஹா. உங்கட முறைதான்" என்றா றஞ்சனா.

பஸீஹா கடதாசியை வாங்கிப் படித்தா. படிக்கப் படிக்கத் தோள் குலுங்கத் தொடங்கியது. கடைசியில் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினா. துணி முழுக்க நனைந்துவிட்டது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் மூன்று பேருக்கும் முகம் சரியில்லை. றஞ்சனாவுக்கு வெட்கம். ஏன் இரண்டு கிண்ணம் சாப்பிட்டீர்கள், அப்போதே சொல்லக் கூடாதா என்று புருசனைப் பிடித்தா. பிற ஆட்களின் சாப்பாட்டில் பிழை சொல்லப்படாதென்றுதான் பேசாமல் விழுங்கினேன் என்றார் அவர். வேலையால் வந்த துஷ்யந்தியிடம் கடதாசியை நீட்டினார்கள். பார்த்தவுடன் அவளுக்கு முகம் செத்துவிட்டது.

என்ன நடந்ததென்று அவளுக்குப் பாதி விளங்கியது. அந்தக் கட்டளைக் கோப்பு, கோயில் மடப்பள்ளியில் நின்று அன்னதானச் சட்டிகளைப் பிரித்துக் கொடுக்கும் லெட்சுமணன் மாதிரி. அடையாளம் பார்த்துத்தான் சட்டியைத் தொடும். ஒரு சட்டியிலும் தான் தேடும் அடையாளம் இல்லையென்றால், கணினி பிழை என்று சொல்லாது, கோபிக்காது. எல்லாச் சட்டியையும் ஒரே வாழையிலையில் கவிழ்த்துவிட்டுப் பேசாமல் போய்விடும். பட்டிக்கு உள்ளே இருக்கும் சாமானும் செய்முறையும்தான் இலையில் விழும். சமையலின் பெயரும் கொடுத்தவர் பெயரும் பட்டியின் மேலேயே எழுதியிருந்தது. அது சட்டியோடு போய்விட்டது. ஆனால் அடையாளம் ஏன் பொருந்தவில்லை? பட்டிகள் எல்லாம் எழுத்துப் பிசகாமல் சரி. கட்டளைகளும் சரி. உச்சியில் இருந்த முகவரி வரியை அவள் பார்க்கவே இல்லை. தானே எழுதிய வரியை யார் திரும்பப் படிக்கிறார்கள்?

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அச்சகத்தில் கொடுக்க வேண்டும். தலைவர் தொலைபேசியில் விசாரித்தபோது நவரட்ணராஜா, "ஓம், ஏதோ சிக்கல் எண்டு அனோஜன்ட மனிசி பாத்துக்கொண்டிருக்கிறா" என்றார். அது துஷ்யந்தியின் காதில் விழுந்தது. அவள் எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி இருந்தாள்.

மறுநாள் வியாழன். அவள் லீவு போட்டுவிட்டுக் கணினிக்கு முன்னால் இருக்கிறாள். கொல்லையில் டக், டக் என்று சத்தம். முதலில் பொறுத்துப் பார்த்தாள். பிறகு எழும்பிப் போனாள். நவரட்ணராஜா சங்கத்துப் பெரிய சமையல் கிடாரங்கள் மூன்றையும் கவிழ்த்துப் போட்டு, ஆணியும் சுத்தியலுமாகக் குந்தியிருந்தார். அடியில் வெட்டியிருந்த கட்டுகஸ்தோட்டை என்ற பெயரைத் தட்டி அழித்துவிட்டு, அந்த இடத்தில் கண்டி என்று வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்னாங்க மாமா செய்றீங்க?"

"அட்ரஸ் மாத்திறன் பிள்ளை. நாளைக்குக் கோயிலுக்கு இரவல் போகுது. பழைய அட்ரஸோட போனாச் சங்கத்துக்கு மரியாதை இல்லை. இதுதான் கடைசி. உம்மட கொம்பியூட்டரிலயும் உச்சியில பழைய அட்ரஸ்தான் கிடந்தது. நான் கண்டி எண்டு திருத்தி விட்டனான். நீர்தானே சொன்னீர், சட்டியும் அதுவும் ஒண்டெண்டு."

துஷ்யந்தி சுவரைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள். குறிப்புகள் இருந்த கோப்பில் கண்டி. கட்டளைக் கோப்பில் இன்னும் கட்டுகஸ்தோட்டை. அதை அவர் திறந்ததே இல்லை. லெட்சுமணன் ஒரு பெயரைத் தேடுகிறார், சட்டியில் இன்னொரு பெயர். அவ்வளவுதான் விசயம்.

சொல்லலாம் என்று வாயெடுத்தாள். மனிதர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் பார்த்துச் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தார். அவளால் முடியவில்லை. அறைக்குள் போய் அனோஜனுக்கு அழைத்தாள். அவனோ, அப்பாவிடம் எதை வேண்டுமானாலும் சொல், முகவரியில் பிழை விட்டீர்கள் என்று மட்டும் சொல்லாதே, நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருதரம் சொல்லி, மூன்று நாள் அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை என்றான்.

அதனால் அவள் சத்தம் போடாமல் தன் பக்கத்தை மாற்றினாள். கட்டளைக் கோப்பிலும் கண்டி என்று போட்டாள். பொத்தானை அமுக்கினாள். தலைப்பு, பெயர், சாமான் வரிசை, செய்முறை என்று எல்லாம் அதனதன் இடத்தில் வந்து நின்றது. வட்டிலப்பம் தனிப் பக்கம், கருவாடு தனிப் பக்கம். நவரட்ணராஜா அதைப் பார்த்துவிட்டு, "பாத்தீரா? அட்ரஸ் சரியா இருந்தா எல்லாம் சரிவரும். கொம்பியூட்டருக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்திருக்கு" என்றார். அவள் "ஆமாங்க மாமா" என்றாள். அங்கேதான் பிழை விட்டாள், பாவம்.

சனிக்கிழமை காலை கோயிலிலிருந்து லெட்சுமணன் அழைத்தார். அன்னதானம் முடிந்து சட்டிகளைப் பிரித்துக் கொடுக்கும்போது, சங்கத்துக் கிடாரம் மூன்றையும் காணவில்லையாம். நவரட்ணராஜாவுக்கு ரத்தம் கொதித்தது. கண்டி என்று இவ்வளவு பெரிதாக வெட்டியிருக்கிறேனே, கண் தெரியாதா என்று கேட்டார்.

"சார், நான் இருவது வருசமா கட்டுகஸ்தோட்டைன்னு தேடித்தான் ஒங்க சட்டிய எடுத்து வைக்கிறேன். இங்க கண்டின்னு போட்டது மட்டும் ஒரு குவியல் கெடக்கு. கண்டியில எந்தக் கண்டின்னு நான் பாக்குறது? யாருதுன்னு தெரியாததையெல்லாம் ஹேவாஹெட்டத் தோட்டத்துக் கோயில் லொறியில ஏத்தி விட்டுட்டேன். நல்ல சட்டி சார், அவங்களுக்கு ரொம்பச் சந்தோசம்."

நவரட்ணராஜா தொலைபேசியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். கெட்டிக்கார மனிதர்தான், விளங்கிவிட்டது. தான் மாற்றியது முகவரி இல்லை, அடையாளம். கிடாரம் ஹேவாஹெட்டைக்குப் போன மாதிரி நாளைக்குப் புத்தகமும் எங்காவது போய்விட்டால்? துஷ்யந்தி குளித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கஷ்டப்படுத்துவானேன் என்று, தானே போய்க் குறிப்புகள் இருந்த கோப்பைத் திறந்து, உச்சியிலிருந்த கண்டியை எடுத்துவிட்டு மறுபடி கட்டுகஸ்தோட்டை என்று அழகாகப் போட்டார். மனது லேசாகிவிட்டது. பேப்பரை எடுத்துக்கொண்டு முன்னால் போய் இருந்தார்.

துஷ்யந்தி தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, அச்சகத்துக்குக் கடைசிப் பிரதி எடுக்கப் பொத்தானை அமுக்கினாள். தலைப்பு இல்லை. பெயர் இல்லை. ஏலக்காய்த் தூளுக்குப் பிறகு நெத்தலி. மத்தியானத்துக்கு அதிக நேரம் இல்லை.

இந்தமுறை அவள் உச்சி வரியைத்தான் முதலில் பார்த்தாள். பார்த்துவிட்டு, யாருக்கும் அழைக்கவில்லை. நேரே முன்னறைக்குப் போய், மாமனாருக்கு முன்னால் நின்றாள். றஞ்சனா குசினி வாசலில் அகப்பையோடு வந்து நின்றா.

"மாமா, அட்ரஸ மறுபடி மாத்துனீங்களா?"

"ஓம் பிள்ளை. முந்தி நான் செய்ததுதான் பிழை. இப்ப சரியாக்கி விட்டனான்."

"முந்தியும் பிழை இல்லைங்க மாமா. இப்பவும் பிழை இல்ல. ஆனா நீங்க மாத்துனத எங்கிட்ட சொல்லல, நானும் மாத்துனத ஒங்ககிட்ட சொல்லல. கண்டின்னு போட்டாலும் சரி, கட்டுகஸ்தோட்டைன்னு போட்டாலும் சரி. ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். அது மட்டுந்தான் வேணும்."

அந்த வீட்டில் அவரிடம் அப்படி யாரும் பேசி நான் கேள்விப்பட்டதில்லை. றஞ்சனாவின் அகப்பையிலிருந்து சொதி தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. நவரட்ணராஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். மறுபடி கழற்றினார்.

"அங்க சங்கம் இல்லையே பிள்ளை. கட்டுகஸ்தோட்டை எண்டு போட்டா அந்த அட்ரஸில ஒருத்தரும் இருக்க மாட்டினமே?"

"யாரும் இருக்கத் தேவையில்லைங்க மாமா. நம்ம அங்க கடுதாசியா போடப் போறோம்?"

அவருக்கு அது பிடித்துக்கொண்டது. எழும்பினார். "அப்ப வாரும், ரெண்டு பக்கத்தையும் திறவும். நான் வாசிக்கிறன், நீர் பாரும்" என்றார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார்கள். அவர் கச்சேரிக் குரலில், அந்த ஒற்றை வரியை எழுத்து எழுத்தாக, புள்ளி, கோடு எல்லாம் சேர்த்து வாசித்தார். அவள் தன் கோப்பில் விரல் வைத்துச் சரி பார்த்தாள். கட்டுகஸ்தோட்டையே இருக்கட்டும் என்று இருவரும் முடிவு செய்தார்கள், அவள் தன் கோப்பிலும் அதையே போட்டாள். பொத்தானை அவரே அமுக்கட்டும் என்றாள்.

வட்டிலப்பம், தலைப்போடும் பஸீஹாவின் பெயரோடும் வந்து நின்றது. றஞ்சனா எட்டிப் பார்த்து, கருவாடு எங்கே என்று கேட்டா. அடுத்த பக்கத்தில் என்றார்கள். அவ போய்ச் சொதியைத் துடைத்தா.

அச்சகம் பூட்ட முன்னம் ஓட்டோ பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வழியில் தலைவர் அழைத்திருக்கிறார். நவரட்ணராஜா, "எல்லாம் முடிஞ்சுது. எங்கட மருமகள் முடிச்சிட்டா. எனக்கும் ரெண்டு விசயம் சொல்லித் தந்தவ" என்றாராம். ஓட்டோ சத்தத்தில் தலைவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. அதனால் இன்னும் பலமாக இரண்டாம் தரமும் சொன்னாராம். துஷ்யந்தி வெளியே பார்த்துக்கொண்டு வந்ததாகச் சொன்னாள்.

திருவிழாவில் புத்தகம் எல்லாருக்கும் பிடித்தது. ஹேவாஹெட்டைக்காரர் கிடாரங்களைத் திருப்பி அனுப்பினார்கள், உள்ளே மரக்கறி போட்டு. நவரட்ணராஜா மறுபடி ஆணியும் சுத்தியலுமாகக் குந்தினார். இம்முறை மருமகள் பக்கத்தில் நின்று கட்டுகஸ்தோட்டை என்று எழுத்துச் சொன்னாள். பஸீஹா உண்மையான வட்டிலப்பம் ஒரு தட்டம் நிறையக் கொண்டுவந்திருந்தா. நவரட்ணராஜா முதலில் கரண்டியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார். றஞ்சனா மட்டும் என்னை ஒரு மூலைக்குக் கூட்டிப்போய், அந்தக் கருவாட்டு வட்டிலப்பம் அவ்வளவு மோசமில்லை, உறைப்பைக் கொஞ்சம் குறைத்தால் சரிவரும் என்றா. நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது உதவி செய்கிறேன் என்று திருத்தி, எல்லாவற்றையும் தலைகீழாக்கிய கதை இருக்கும். கட்டாயம் இருக்கும். கீழே எழுதிப் போடுங்கள், வாசித்துச் சிரிக்கக் காத்திருக்கிறேன். கருவாடு போட்டு யாராவது வட்டிலப்பம் செய்து பார்த்தால், அதையும் மறைக்காமல் எழுதுங்கள். றஞ்சனாவிடம் நானே சொல்லிவிடுகிறேன்.